கத்திக்கு முன்னும் பின்னும்: இறைச்சி உண்பது பற்றி இஸ்லாம் சொல்வது

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை முன் போய் நின்றால் கடைக்காரர் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: "எலும்போடயா, தனிக்கறியா? எத்தனை கிலோ?" ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரலும்) வேண்டுமா என்று கேட்டால் அது கூடுதல் உபசாரம். வாங்குபவர் பதிலுக்கு விலையைக் கேட்பார். ஆடு எங்கே பிறந்தது, எதைத் தின்று வளர்ந்தது, எப்படிச் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரருக்கு முழு விவரம் தெரிந்திருக்காது. அது கடல் கடந்து வந்த சரக்கு. சுவரில் ஹலால் சான்றிதழ் இருந்தால், அல்லது கடைக்காரர் முஸ்லிம் என்று தெரிந்தால், மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் இறைச்சியைப் பற்றிய இஸ்லாமியச் சட்டத்தில் கழுத்தில் கத்தி படும் நேரம் ஒரு சிறு பகுதிதான். அதற்கு முந்திய மாதங்களுக்கும் விதி உண்டு, தட்டில் மிஞ்சும் சோற்றுக்கும் விதி உண்டு. சிங்கப்பூரில் நாம் விலங்கை உயிரோடு பார்ப்பதே அரிது என்பதால் அந்த முன்பின் பகுதிகள் பேச்சிலிருந்து நழுவிவிட்டன. இந்த விளக்கம் அவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஹலால் என்றால் அனுமதிக்கப்பட்டது. ஹராம் என்றால் தடுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் மக்ரூஹ் என்று ஒன்று உண்டு: வெறுக்கத்தக்கது, தவிர்ப்பது நல்லது. பலருக்கும் தெரியாத நான்காவது சொல் தய்யிப். தூய்மையானது, நல்லது என்று பொருள். திருக்குர்ஆன் 2:168 'ஹலாலானதையும் தய்யிபானதையும்' உண்ணச் சொல்கிறது. முதல் சொல்லை மட்டும் கடைப் பலகையில் எழுதிக்கொண்டோம். இரண்டாவது சொல் அங்கே இடம்பெறவில்லை.

கொல்ல அனுமதி, வதைக்க அனுமதியில்லை

தமிழ் படித்தவர் இந்தத் தலைப்புக்குள் வள்ளுவரோடுதான் வருவார். உண்பதற்காகக் கொல்பவர் இல்லையென்றால் விற்பதற்காக ஊன் தருபவரும் இருக்கமாட்டார் என்று புலால் மறுத்தல் அதிகாரம் பழியை வாங்குபவர் பக்கமும் திருப்புகிறது. இஸ்லாம் புலாலை மறுக்கவில்லை. கால்நடைகளைப் பற்றித் திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் பேசும்போது, அவற்றில் உங்களுக்குக் குளிர் காக்கும் ஆடையும் வேறு பயன்களும் உண்டு, அவற்றிலிருந்து உண்ணவும் செய்கிறீர்கள் என்கிறது. அடுத்த வசனமே, மாலையில் அவை மந்தையாகத் திரும்புவதிலும் காலையில் மேயப் போவதிலும் ஓர் அழகு இருக்கிறது என்கிறது. உணவு, உடை, சுமை ஆகியவற்றுக்கு நடுவே அழகும் ஒரு பயனாக எண்ணப்பட்டிருக்கிறது.

6:38 இன்னும் நேரடியானது. பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது அவ்வசனம். சமுதாயம் என்பதற்கு அங்கே வரும் அரபுச் சொல் 'உம்மத்'. முஸ்லிம்கள் தங்களைக் குறிக்கப் பயன்படுத்தும் அதே சொல். எறும்புப் புற்றை எரித்த முந்தைய இறைத்தூதர் ஒருவரை இறைவன் கண்டித்ததாக 'புகாரி' தொகுப்பில் ஒரு ஹதீஸ் (நபிகளின் சொல், செயல் பற்றிய செய்தி) உண்டு: ஓர் எறும்பு கடித்ததற்காக, இறைவனைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே எரித்துவிட்டீரே என்று. அங்கும் அதே 'உம்மத்' தான்.

எனவே அடிப்படை இப்படி அமைகிறது. விலங்கின் உயிர் இறைவனுடையது. அதை எடுக்க மனிதனுக்குச் சொந்த உரிமை கிடையாது, அனுமதி உண்டு. அந்த அனுமதியும் தேவைக்குத்தான். அறுக்கும்போது இறைவனின் பெயரைச் சொல்வது எதற்கு என்பது இங்கே விளங்கும். உயிருக்கு உரியவனின் அனுமதியின் பேரிலேயே இதைச் செய்கிறேன் என்று ஒப்புக்கொள்வது அது. இறைச்சியைத் தூய்மையாக்கும் மந்திரமாக அதை நினைப்பவர்கள் முஸ்லிம்களிலும் இருக்கிறார்கள், மற்றவர்களிலும் இருக்கிறார்கள்.

தேவையில்லாமல் கொன்றால் என்ன? ஒரு சிட்டுக்குருவியை வீணாகக் கொன்றாலும் அது மறுமையில் முறையிடும் என்று நஸாயீ என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி வருகிறது. உயிருள்ள எதையும் அம்பெய்யும் இலக்காக வைக்கக்கூடாது என்பது 'முஸ்லிம்' என்ற பெயருள்ள ஹதீஸ் தொகுப்பில் வரும் தெளிவான தடை. கோழியையோ பறவையையோ கட்டிவைத்து அம்பெய்துகொண்டிருந்த இளைஞர்களிடம் நபித்தோழர் இப்னு உமர் (ரலி) இதைச் சொல்லிக் கண்டித்தார். உயிரோடிருக்கும் விலங்கிலிருந்து அறுத்தெடுத்த துண்டு, செத்ததற்குச் சமம், உண்ணக்கூடாது. முகத்தில் சூடு போடுவதும் அடிப்பதும் தடுக்கப்பட்டவை. வேடிக்கைக்கான வேட்டை, சேவற்சண்டை, கிடாச்சண்டை எல்லாம் இதே காரணத்தால் விலக்கப்படுகின்றன.

உயிரோடிருக்கும்போது விலங்குக்கு என்ன உரிமை

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸ் எல்லாருக்கும் தெரியும். அதில் கவனிக்க வேண்டியது குற்றத்தை அது சொல்லும் விதம்: அவள் அதற்கு உணவும் தரவில்லை, தானாகப் பூச்சி புழுவைத் தேடித் தின்னவும் விடவில்லை. ஒன்று, நீ பார்த்துக்கொள். இல்லையேல் விட்டுவிடு. அடைத்தும் வைத்துப் பார்க்காமலும் இருப்பதற்கு வழியே இல்லை.

சிங்கப்பூரில் இதற்கு நேரடிப் பொருத்தம் உண்டு. 2024 செப்டம்பர் 1 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் உரிமத்தோடு இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். பத்தாவது மாடியில் வளரும் பூனை தானாக இரை தேட வாய்ப்பே இல்லாதது. ஆகவே உணவு, தண்ணீர், மருத்துவரிடம் காட்டுதல், சன்னலுக்கு வலை ஆகிய அனைத்தும் வளர்ப்பவர்மேல் விழுந்த கடமைகள். விருப்பம் இருந்தால் செய்யலாம் என்ற வகையில் வருவன அல்ல.

நாய் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளுள் ஒன்றான ஷாஃபி வழிமுறையில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். இது தூய்மை பற்றிய சட்டம். நாயை வெறுக்கச் சொல்லும் சட்டம் இல்லை. தாகத்தில் நாக்கைத் தொங்கவிட்டு ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் தோல் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவருக்கு இறைவன் பாவத்தை மன்னித்தான் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. இன்னோர் அறிவிப்பில் அப்படித் தண்ணீர் கொடுத்தவர் பாலியல் தொழிலில் இருந்த பெண். 'ஈரமான ஈரல் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் செய்வதில் கூலி உண்டு' என்று முதலில் சொன்ன ஹதீஸ் முடிகிறது. உயிரோடிருக்கும் எல்லாமே அதில் அடங்கும்.

இவ்வகைச் செய்திகளைச் சட்டமாக அடுக்கியவர்களில் 13ஆம் நூற்றாண்டு ஷாஃபி அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் முக்கியமானவர். விலங்குக்கு மனிதன் செய்ய வேண்டிய கடமைகள் என்று அவர் சொல்பவற்றைப் பாருங்கள்: கிழடாகி, நோயுற்று, பயன் தராத நிலைக்கு வந்தாலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும். தாங்க முடியாத சுமை ஏற்றக்கூடாது. அதைக் காயப்படுத்தும் விலங்கோடு சேர்த்து அடைக்கக்கூடாது. அதன் குட்டியை அதன் கண்முன் அறுக்கக்கூடாது. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக இருக்க விட வேண்டும். எழுநூறு ஆண்டுக்கு முந்திய பட்டியல். இன்றைய கூண்டுப் பண்ணைக் கோழியை இதன் முன் நிறுத்தினால் எத்தனை வரியில் தேறும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். எங்கள் கணக்கில் அதிகம் தேறாது.

தீனிக்கும் விதி உண்டு. கழிவையும் அசுத்தத்தையும் முக்கிய உணவாகத் தின்று வளரும் விலங்குக்கு 'ஜல்லாலா' என்று பெயர். அதன் இறைச்சியையும் பாலையும் நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். அதைத் தனியே கட்டி நல்ல தீனி போட்டு வாடை மாறியபின் அறுக்கலாம். ஷாஃபி நூல்களில் வரும் தோராயக் கணக்கு: ஒட்டகம் 40 நாள், மாடு 30, ஆடு 7, கோழி 3. நாட்கணக்கைவிட வாடை மாறுவதுதான் உண்மையான அளவுகோல். இறைச்சிக்கழிவைத் தீனியாகப் போட்டு வளர்க்கும் மீன், கோழி பற்றி இன்றைய அறிஞர்கள் விவாதிக்கும்போது இந்த விதியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அறுக்கும் நேரம்

முஸ்லிம் தொகுப்பில் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ்தான் இங்கே மையம்: இறைவன் எல்லாவற்றிலும் 'இஹ்ஸானை', அதாவது செய்வதை அழகாகச் செய்வதை, விதித்திருக்கிறான், அறுத்தால் அழகாக அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், விலங்குக்கு ஆறுதல் கொடுங்கள். ஆட்டைப் படுக்கவைத்துவிட்டு அதன் கண்ணெதிரே கத்தி தீட்டியவரிடம், அதை இரண்டு முறை சாகடிக்கப் பார்க்கிறாயா என்று நபியவர்கள் கேட்டதாகவும் ஒரு செய்தி உண்டு.

நடைமுறை இப்படி. விலங்கு உயிரோடும் நலத்தோடும் இருக்க வேண்டும். தண்ணீர் காட்டியிருக்க வேண்டும். மற்ற விலங்குகள் பார்க்க அறுக்கக்கூடாது. காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வரக்கூடாது. ஆட்டை இடப்பக்கமாகப் படுக்கவைத்து கிப்லாவை (தொழும் திசையான மக்காவை) நோக்கித் திருப்புவது சுன்னத், அதாவது கட்டாயமில்லாத, செய்வது சிறந்த நபிவழி. அறுப்பவர் புத்தி தெளிவுள்ள முஸ்லிமாகவோ, 5:5 வசனத்தின்படி வேதம் கொடுக்கப்பட்டவராகவோ (யூதர், கிறிஸ்தவர்) இருக்க வேண்டும். 'பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்' என்று சொல்லி, கத்தியை அழுத்திக் குத்தாமல் இழுத்து அறுக்க வேண்டும்.

எதை அறுக்க வேண்டும் என்பதில் நான்கு பாகங்கள் வருகின்றன: மூச்சுக்குழல், உணவுக்குழல், கழுத்தின் இரு பக்க இரத்த நாளங்கள். ஷாஃபி வழியில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுதாக அறுபட்டால் செல்லும். நாளங்களையும் சேர்த்து அறுப்பது சுன்னத். இன்னொரு சட்டப் பிரிவான ஹனஃபி வழியில் நான்கில் குறைந்தது மூன்று அறுபட வேண்டும். குரல்வளை முடிச்சு தலைப்பக்கம் நிற்கும்படி அதற்குக் கீழே அறுப்பது முறை. தலையைத் துண்டாக்குவதும் முதுகுத் தண்டுவடத்தை வெட்டுவதும் மக்ரூஹ். தண்டுவடம் வெட்டுப்பட்டால் உடல் அசைவு நின்றுவிடும். பார்ப்பவருக்கு அமைதியாகச் செத்ததுபோல் தெரியும். உண்மையில் மூளை இன்னும் விழித்திருக்கலாம். துள்ளுவதை நிறுத்துவதற்காகக் கழுத்தை முறிப்பவர் செய்வதும் இதே தவறுதான்.

கத்திதான் பாதி வேலை. கழுத்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது நீளம் இருந்தால்தான் ஒரே இழுப்பில் முடியும். பல் போன விளிம்பு, மழுங்கல் இரண்டும் நாளத்தை அறுக்காமல் நசுக்கும். நசுங்கிய நாளத்தின் முனை சுருங்கி உறைந்து அடைத்துக்கொண்டால் இரத்தம் வடிவது குறையும். மூளைக்குக் குருதி போய்க்கொண்டே இருக்கும். விலங்கு நினைவோடு தவிக்கும். ஆகவே ஒவ்வோர் ஆட்டுக்குப் பின்னும் விளிம்பைப் பார்த்துத் தீட்டிக்கொள்வது அவசியம். பெருநாள் அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்தத் தீட்டல்தான்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேறுபாடு உண்டு. ஆட்டின் மூளைக்கு இரத்தம் கழுத்தின் முன்பக்க நாளங்கள் வழியே போகிறது. அவை அறுபட்டால் சில நொடிகளிலிருந்து இருபது நொடிக்குள் பொதுவாக நினைவு போய்விடும். மாட்டுக்கு முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் இன்னொரு பாதையும் உண்டு. கத்தி அதைத் தொடுவதில்லை. சில மாடுகளுக்கு நினைவு போக ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆவது அதனால்தான். மாட்டுக்குத் தேர்ந்த கை வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுவே காரணம்.

அறுத்தபின் அசைவு முழுதாக நிற்கும்வரை தோலை உரிக்கவோ காலை வெட்டவோ கூடாது. கோழியில் இதுதான் அடிக்கடி பிசகும் இடம். இறகு பிடுங்க வெந்நீரில் முக்கும்போது உயிர் மிச்சமிருந்தால் அது நீரில் மூழ்கியும் வெந்தும் சாகிறது. சித்திரவதையும் ஆயிற்று, உண்ணலாமா என்ற கேள்வியும் எழுந்தது. எனவே தொங்கவிட்டு இரத்தம் நன்றாக வடிந்து, அசைவு நின்று, அதன்பின்தான் வெந்நீர். வரிசை வேகமாக ஓடும் கூடங்களில் இதற்காகவே ஒருவரை நிறுத்திச் சோதிக்கிறார்கள்.

இரக்கத்துக்குச் சமையலறையில் தெரியும் பலனும் உண்டு. அறுக்கும்முன் மிரண்டு ஓடி, பட்டினி கிடந்து, அடிபட்ட விலங்கின் தசையில் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துவிடும். செத்தபின் தசையில் போதிய அமிலம் உண்டாகாது. இறைச்சியின் அமிலகாரக் குறி (pH) இயல்பாக 5.5 முதல் 5.7வரை இறங்க வேண்டும். இங்கே 6க்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுத்து, விறைத்து, பிசுபிசுப்பாக இருக்கும், சீக்கிரம் கெடும்.

பெயர் சொல்ல விட்டுப்போனால்? தமிழ் முஸ்லிம் வீடுகளில் இது நிஜமான கேள்வி. கடற்கரை ஊர்களிலிருந்து வந்த மரைக்காயர் குடும்பங்கள் ஷாஃபி வழி, ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி வழி. ஷாஃபியில் பெயர் சொல்வது சுன்னத். வேண்டுமென்றே விட்டாலும் மக்ரூஹோடு இறைச்சி ஹலால். ஹனஃபியில் மறந்தால் பரவாயில்லை, வேண்டுமென்றே விட்டால் ஹராம். ஒரே மேசையில் சம்பந்தி வீட்டார் இருவரும் சரியாகவே பேசிக்கொண்டு சண்டை போடலாம்.

மயக்கி அறுப்பது

மின்சாரத்தால் மயக்கி அறுக்கலாமா என்பதில் ஒரே கருத்து இல்லை. அடிப்படைச் சோதனை எளிது: கத்தி படும்போது விலங்கு உயிரோடு இருந்ததா? மயக்கமே கொன்றுவிட்டால் அது 5:3 தடுத்த செத்த பிராணி. மயங்கி, உயிரோடிருந்து, கத்தியால் செத்தது என்றால் ஏற்கும் அறிஞர்கள் பலர். மலேசியாவின் எம்எஸ் 1500 ஹலால் தரநிலை நிபந்தனைகளோடு இதை அனுமதிக்கிறது. மண்டையைத் துளைக்கும் கருவியை அனுமதிப்பதில்லை. நியூசிலாந்தில் வணிக ரீதியான ஹலால் அறுப்பு எல்லாமே தலையில் மட்டும் மின்சாரம் பாய்ச்சி மயக்கிய பிறகே நடக்கிறது. அறுக்காமல் விட்டால் ஆடு சில நிமிடங்களில் எழுந்து நிற்க வேண்டும், அதுதான் அளவு.

ஏற்காதவர்களின் கவலையும் வெறும் பிடிவாதமல்ல. கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மின்னோட்டமுள்ள நீரில் தலையை முக்கும் முறையில், மின்னளவு கூடினால் இதயம் நின்றுவிடும். குறைந்தால் மயங்காமல் வலி மட்டும் கிடைக்கும். தலைக்கு முன் சிறகு நீரைத் தொட்டால் விழித்தபடியே அதிர்ச்சி வாங்கும். ஒரே வரிசையில் பெரியதும் சிறியதும் வரும்போது எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பொருந்துவதில்லை. அவ்வப்போது சில கோழிகளை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு விழிக்கின்றனவா என்று பார்ப்பது இதற்கான நேர்மையான வழி. கூடம் அதைச் செய்கிறதா என்பதுதான் 'மயக்கலாமா, கூடாதா' என்ற வாதத்தைவிட உருப்படியான கேள்வி.

சான்றிதழ் எதைச் சொல்கிறது

முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கிவருகிறது. உணவகம், தொழிற்கூடம், கிடங்கு, கோழி அறுவைக்கூடம் என வெவ்வேறு திட்டங்கள் உள்ளன. அனுமதியின்றி ஹலால் முத்திரையைப் பயன்படுத்தினால் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்கீழ் 10,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். 'முஸ்லிம் உரிமையாளர்' என்ற பலகை வேறு, முயிஸ் சான்றிதழ் வேறு. முன்னதில் கடைக்காரரின் சொல்லை நம்புகிறோம். அது மார்க்கத்தில் செல்லும். பின்னதில் மூலப்பொருள், சேமிப்பு, கையாளுதல் ஆகியவற்றை வெளியாள் ஒருவர் சரிபார்த்திருக்கிறார்.

இரண்டுமே கோழி எத்தனை நாள் எவ்வளவு இடத்தில் நின்றது என்பதை உங்களுக்குச் சொல்லாது. அது தய்யிப் பகுதியின் கேள்வி. இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது, குளிரூட்டியதா உறைந்ததா, கோழி கூண்டிலா வெளியிலா வளர்ந்தது என்று கேட்கத் தொடங்கினால் சில விற்பனையாளர்களிடம் பதில் உண்டு. கேட்பவர் இல்லாததால் பலகையில் எழுதாமல் இருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் பையின் அடியில் தேங்கும் சிவப்பு நீர் இரத்தமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. அது தசையிலுள்ள மையோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த நீர். 6:145 தடுப்பது 'ஓட்டப்பட்ட இரத்தத்தை', அதாவது அறுக்கும்போது பாய்வதை. தசையில் எஞ்சிய ஈரம் மன்னிக்கப்பட்டது. இரத்தமே உருவான ஈரலும் மண்ணீரலும் (நம் கடைகளின் சுவரொட்டி) ஹதீஸில் பெயர் சொல்லியே அனுமதிக்கப்பட்டவை.

மீனை அறுக்கத் தேவையில்லை. நண்டு ஹனஃபிகளுக்கு ஆகாது. ஷாஃபிகளிலும் அது நீரிலும் நிலத்திலும் வாழ்வதா என்று கருத்து வேறுபாடு உண்டு, இங்கே பெரும்பாலோர் உண்கிறார்கள். உண்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: நெருப்பால் வதைக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே என்ற ஹதீஸ் இருக்கிறது. உயிர் நண்டைக் கொதிநீரில் போடாமல், பனிக்கட்டி நீரில் நன்றாக மரத்துப்போகவைத்து, அடிப்பக்க மடிப்பைத் தூக்கிக் கூரிய முனையால் குத்தி முடித்தபின் சமைப்பதற்குக் கொஞ்ச நேரம் கூடுதலாகும். சில்லி நண்டின் ருசி குறையாது.

குர்பான்

ஹஜ்ஜுப் பெருநாளில் கொடுக்கும் விலங்குப் பலியான குர்பான் ஷாஃபியில் வலியுறுத்தப்பட்ட சுன்னத், ஹனஃபியில் வசதியுள்ளவர்மீது வாஜிப் (கட்டாயம்). ஆடு ஒருவருக்கு, மாடு ஏழு பங்கு. கண் தெளிவாகக் குருடானது, நோய் வெளிப்படையாகத் தெரிவது, நொண்டுவது, எலும்பும் தோலுமாய் மெலிந்தது ஆகிய நான்கும் செல்லாது. இதை இறைவனுக்கு நல்ல பொருள் கொடுக்கும் விதியாக மட்டும் பார்க்கிறோம். நோயுற்று மெலிந்த விலங்கை விற்றுக் காசாக்கும் வழியையும் அது அடைக்கிறது. 22:37 சொல்வது இன்னும் கறாரானது: அவற்றின் இறைச்சியோ இரத்தமோ இறைவனைச் சென்றடைவதில்லை, உங்கள் இறையச்சமே சென்றடைகிறது.

2011ல் இந்தோனீசிய அறுவைக்கூடங்களில் ஆஸ்திரேலிய மாடுகள் வதைபட்ட காட்சிகள் தொலைக்காட்சியில் வெளியானதும், உயிருள்ள கால்நடை ஏற்றுமதிக்கு ஆஸ்திரேலியா எஸ்காஸ் என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விலங்கும் இறங்கியதிலிருந்து அறுபடும்வரை கணக்கில் இருக்க வேண்டும். இடமும் முறையும் வெளியாரால் தணிக்கை செய்யப்பட வேண்டும். சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்களும் குர்பான் ஆடுகளுக்காக இந்த விதிக்குள் வந்தன. ஏற்பாடும் செலவும் கூடியதில் முணுமுணுப்பு இருந்தது. கண்ணெதிரே அறுக்காதே, இழுத்து வராதே, கூரிய கத்தி வை என்று அந்நிய நாட்டு அதிகாரி எழுதிக் கொடுத்தது, நம் ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் ஏற்கெனவே இருந்ததுதான் என்பதை அன்று சொன்னவர்கள் குறைவு. 2020ல் கொவிட் காரணமாக குர்பானை ஆஸ்திரேலியாவிலேயே அறுத்து இறைச்சியாக இங்கே கொண்டுவந்தார்கள். விலங்குக்குக் கடற்பயணம் மிச்சம். பிள்ளைகளுக்கு ஆட்டைக் காணும் வாய்ப்பு இல்லை. எது மேல் என்பதில் எங்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை.

எவ்வளவு உண்பது

இறைச்சி உண்ணாத முஸ்லிம் முஸ்லிமா? ஆம். இறைச்சி அனுமதி, கடமை இல்லை. மருத்துவரின் சொல்லுக்காக, மனம் ஒப்பாததற்காக, பண்ணை முறை பிடிக்காததற்காக என எதற்காகவும் ஒருவர் விடலாம். இறைவன் ஆகுமாக்கியதை ஹராம் என்று அறிவிப்பதற்கு மட்டும் அவருக்கு உரிமை கிடையாது. குர்பான் கொடுத்துவிட்டு முழுவதையும் பிறருக்கே பகிர்ந்துவிடவும் செய்யலாம்.

உண்பவர்களுக்கு இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) சொன்ன எச்சரிக்கை முவத்தா என்ற ஹதீஸ் நூலில் உள்ளது: இறைச்சியில் எச்சரிக்கையாக இருங்கள், மதுவைப்போல் அதுவும் பழக்கமாகிப் பிடித்துக்கொள்ளும். நாள்தோறும் மூன்று வேளையும் கறி என்பது செல்வத்தின் பழக்கம். சுன்னத் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. 7:31 உண்ணவும் பருகவும் சொல்லி, வீண்விரயம் செய்யாதீர்கள் என்று அதே மூச்சில் சொல்கிறது.

விரயத்தைக் கணக்காகப் போட்டால் உறைக்கும். ஆயிரம் பேர் வரும் கல்யாண பிரியாணிக்கு ஆளுக்கு 200 கிராம் ஆட்டிறைச்சி என்றால் 200 கிலோ. உரித்த ஆடு ஒன்று ஏறக்குறைய 20 கிலோ என்று வைத்தால் பத்து ஆடுகள். நூறு பேர் வராமல் போனால், அல்லது தட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினால், ஓர் ஆடு முழுதாகக் குப்பைக்குப் போகிறது. அந்த ஆட்டுக்குக் கத்தி கூராகத்தான் இருந்தது, பெயரும் சொல்லப்பட்டது, சான்றிதழும் சரி. ஆனால் யாரும் உண்ணவில்லை. அதைத் தடுக்கும் இடம் அறுவைக்கூடத்தில் இல்லை. விருந்தினர் எண்ணிக்கையை ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் உறுதி செய்வதிலும், சமையற்காரர் வழக்கமாகச் சேர்க்கும் 'கைகூட்டு' அளவைக் குறைக்கச் சொல்வதிலும், தொடாத தேக்சாவை (பெரிய பிரியாணிப் பாத்திரத்தை) சூட்டோடு மூடிச் சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் யாருக்குக் கொடுப்பது என்று முன்பே பேசிவைப்பதிலும்தான் இருக்கிறது.